செவ்வாய்க்கிழமை வார்ப்பு

பென்னி டிங்கிள் உலை,
ஏப்ரல் 9, 1780

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி ஹன்னாவும் சுகம். நீயும் குழந்தை மெர்சியும் சித்தியும் சுகமாக இருப்பதாக ஒரு வரி எழுதிப் போடு. அது வந்தால்தான் எனக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கும்.

நீ கிளன் மலைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இருந்த வீட்டை உலைக்காரர்கள் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்பிள்ளை உன் ஜன்னலில் பச்சைத் துணி மாட்டியிருக்கிறாள். நான் இப்போது அந்தச் சந்து வழியாகப் போவதில்லை.

கல்லறையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். மாப்பிள்ளை ஈனோக் உலை உச்சியில் புகை தாக்கி உள்ளே விழுந்த அன்று முதலாளி என்னிடம் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். "ஆளே இல்ல, எதைப் புதைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "அவன் கரைஞ்ச இரும்பைப் புதைக்கப் போறோம். அது வித்தா இந்த உலையில இனிமே ஒருத்தனும் கை வைக்க மாட்டான்" என்று நேருக்கு நேர் சொன்னேன். அப்பன் காலத்திலிருந்து இங்கே உள்ள வழக்கம் அது. அந்த வார்ப்பு முழுவதையும் நமக்குக் கொடுக்க வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு சங்கடம். அந்த இரும்புப் பாளங்களை ஆழமாகப் புதைக்கவில்லை, தரை உறைந்து கிடந்தது அல்லவா? இந்த மாத மழையில் கல்லறைச் சரிவிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழிகிறது. துருதான், வேறொன்றுமில்லை. ஆனால் உன் மாமனார் ஏமஸ் அதைப் பார்த்துவிட்டார். "எம்மவனுக்கு ரத்தம் நிக்கலடா சைலஸ்" என்று தினமும் போய் உட்கார்ந்து புல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து பக்கத்தில் நின்றால் மனுஷன் அடங்குவார். மே மாதம் வா.

துருத்தி ஊத வந்த புது நீராவி எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆற்றில் தண்ணீர் வற்றினால் துருத்தி நிற்கும் என்ற கவலை இனி இல்லை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

மெர்சிக்கு மாமாவின் முத்தம்.

உன் அண்ணன்,
சைலஸ் பியூ

*

கிளன்,
மே 14, 1780

அன்புள்ள அண்ணாவுக்கு கெசியா எழுதுவது.

நாங்கள் சுகம். மெர்சிக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்தபோது ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. சித்திக்குக் கை போதவில்லை. நான் இப்போது கிளம்ப முடியாது. மாமாவிடம் அது துரு என்று நீயே எடுத்துச் சொல். இரும்போடு பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் துரு தெரியாதா என்ன. கல்லறை மேல் தட்டையான கல் பதித்தால் மழை இறங்காது.

மெர்சி இங்கே எல்லோரிடமும், "எங்கப்பா பெரிய அடுப்புக்குள்ள வேலைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். திருத்த வேண்டும் என்று கூப்பிட்டேன், தலையை மட்டும் வாரி அனுப்பினேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவர் விழுந்த வாரத்தில் அங்கே சட்டிகள் வார்த்தீர்களா? வார்த்திருந்தால் அவை எந்த ஊருக்குப் போயின? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தங்கை,
கெசியா

*

பென்னி டிங்கிள் உலை,
ஜூன் 11, 1780

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஹன்னாவின் முட்டி வலியும் சுகமாக இருக்கிறது, அவளை விட்டுப் போகிற எண்ணமே அதற்கு இல்லை.

சட்டி கேட்கிற அளவுக்கு உனக்கு மனம் தேறியதில் எனக்குச் சந்தோஷம். ஹன்னா சொல்கிறாள்: "சட்டி வேணும்னா எங்கிட்ட நேரா கேட்டா என்னவாம்? என்னோட மூணு காலு சட்டியைக் கழுதை மேல ஏத்தி அனுப்புறேன், உங்க தங்கச்சி அதுலயாவது நாலு வாய் கஞ்சி வெச்சுக் குடிக்கட்டும்." விளையாட்டில்லை, உண்மையாகவே அனுப்புவாள். வேண்டுமா சொல்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தத் திங்கட்கிழமை மாப்பிள்ளை போனார். மறுநாள் செவ்வாய்க்கிழமை வார்ப்பில் சட்டிக்காரர்கள் உலையின் கீழ் வாயிலிருந்தே அகப்பையில் மொண்டு கொண்டுபோனார்கள். கூடுதலாக வேலை நடந்தது. புதன்கிழமை காலை வந்ததைத்தான் நாம் மணலில் பாளமாக ஓடவிட்டு, ஆற வைத்து, கல்லறைக்குக் கொண்டுபோனோம். மேலே கொட்டியது கீழே வந்து சேர இரண்டு நாள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. சட்டிகளில் பாதி படகில் செவர்ன் ஆற்றோடு இறங்கியது. மீதி கழுதைகளில் உங்கள் பக்கத்து மலைச் சந்தைகளுக்கு வந்தது. பிஷப்ஸ் காசில், நைட்டன், கிளன்.

ஏமஸ் பெரியவர் துரு என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறார். தன் சட்டையைக் கழற்றித் துடைக்கிறார். அந்தச் சட்டையைத் துவைக்கவும் விடுவதில்லை. பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா இது, சபைக்கு வர்றவங்க பயப்படுறாங்க" என்கிறார். நானும் பயப்படுகிறேன் என்று எழுதினால் சிரிக்காதே. மழை பெய்தால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நீ சொன்னபடி தட்டைக் கல்லுக்கு ஏற்பாடு செய்கிறேன். அதைப் பதிக்கும் நாளிலாவது வா.

சைலஸ்

*

கிளன்,
ஜூலை 23, 1780

அன்புள்ள அண்ணா,

நலம். கம்பளி கத்தரிக்கிற வேலை முடிந்தது. கை எல்லாம் ஆட்டு எண்ணெய்.

அண்ணியின் சட்டி வேண்டாம். எந்தச் சட்டியும் அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொல். என் அன்பையும் சொல்.

டிங்கிள் சட்டிகளின் அடியில் குறி ஏதாவது வார்ப்பீர்களா? வாரத்துக்கு வாரம் அது மாறுமா? இது ஒன்றை மட்டும் எழுது.

கெசியா

*

பென்னி டிங்கிள் உலை,
செப்டம்பர் 17, 1780

கெசியாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் குழந்தை சுகம்தானே?

குறி மாறாது. எல்லாச் சட்டிக்கும் ஒரே குறி. இதற்காகத்தான் எழுதினாய். இரண்டு பக்கம் எழுதி உன்னை வா வா என்று கூப்பிட்டேன், அதற்கு ஒரு எழுத்து பதில் இல்லை.

உங்கள் மலையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இவான் நேற்று சாராயக் கடையில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "சைலஸ், ஒந்தங்கச்சிக்கு என்ன ஆச்சுப்பா? நைட்டன் சந்தையில சட்டிக் கடை முன்னால உக்காந்து ஒவ்வொரு சட்டியா எடுத்துத் தட்டுது, காதுல வெச்சுக் கேக்குது. கடைக்காரன் விரிசல் பாக்குதுன்னு நெனச்சான். அப்புறம் பாத்தா கண்ணுல தண்ணி" என்றான். காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சித்தியின் சட்டியைத் தூக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டாயாமே? அவள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிச் சமைக்கிறாளாம். ஏன்?

ஊர் பேசுகிறது. மலைக்குப் போன பிறகு புருஷன் கல்லறையை ஒருமுறை கூட எட்டிப் பார்க்காதவள் என்று பேசுகிறது. மலையில் வேறு யாரோ கிடைத்துவிட்டான் என்றும் பேசுகிறது. ஏமஸ் பெரியவர் மட்டும் உனக்காகப் பேசுகிறார். "அவளுக்குப் பாக்கத் தெம்பு இல்லடா, விடுங்கடா" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

என்ன நடக்கிறது என்று எழுது.

சைலஸ்

*

பென்னி டிங்கிள் உலை,
அக்டோபர் 29, 1780

அன்புத் தங்கைக்கு,

முன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபத்தில் எழுதியதை மறந்துவிடு. என்ன எழுதினேன் என்று ஹன்னா கேட்டுவிட்டு, "நல்லா எழுதினீங்க, ஒரு அடியும் கூட வெச்சு அனுப்பிருக்கலாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல் வந்துவிட்டது. நவம்பர் கடைசி ஞாயிறு பதிக்கிறோம். ஈனோக் டிரான்டர் என்று பெயர் வெட்டியிருக்கிறது. ஏமஸ் பெரியவருக்கு நெஞ்சில் கபம், இந்தக் குளிரைத் தாண்டுவாரா தெரியாது. உன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை அவருக்கு.

எனக்கும் ஒரு ஆசைதான் என்று வைத்துக்கொள். மாப்பிள்ளையை உலை வேலைக்குக் கொண்டுவந்து விட்டவன் நான். நீ வந்து நின்றால், நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீ வராமல் இருப்பதற்கு நான் என்ன செய்தேன்? அதையாவது சொல், கெசியா.

உன் அண்ணன்

*

கிளன்,
நவம்பர் 12, 1780

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. அண்ணியிடம் காட்டுவது உன் இஷ்டம். மாமாவிடம் காட்டாதே.

நீ ஒன்றும் செய்யவில்லை. உன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. எனக்காக முதலாளியிடம் சண்டை போட்டவன் நீ. அதனால்தான் இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கல்லறையில் இருப்பது அவர் இல்லை, அண்ணா.

எஞ்சின் ஓட ஆரம்பித்த ஜனவரி மாதத்திலிருந்து அவர் வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூட முடியாமல் படுத்துவிடுவார். ஒருநாள் நான் கேட்டேன், முன்னாலும் உலை உச்சியில் கல்லும் கரியும் கூடை கூடையாகக் கொட்டுகிற இதே வேலைதானே என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தண்ணித் துருத்தி இருந்தப்ப ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவுல ஒரு குழாய் புகையிலை குடிச்சு முடிச்சிருவேன். இப்ப எச்சி முழுங்க நேரமில்லடி. எஞ்சின் ஊதற ஊதலுக்கு உலை கொட்டக் கொட்ட விழுங்குது. திங்கக்கெழம கொட்டுனது செவ்வாக்கெழமையே கீழ எறங்கிருது. ஒங்கண்ணன் கீழ நின்னு ஆகா எவ்ளோ இரும்புன்னு சந்தோசப்படுறான். மேல வந்து பாக்கச் சொல்லு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போனபோது நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி, இரண்டு நாள் கணக்கு, புதன்கிழமை வார்ப்பு என்று முடிவு செய்தீர்கள். மேலே கூடை கொட்டுகிறவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. உலை காத்திருக்காது, அவர்களால் இறங்கி வர முடியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் படுத்துக் கிடந்தேன். கல்லறைக்கு வந்தபோதுதான் புதன்கிழமை இரும்பு என்று காதில் விழுந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய், உன் முகம் பாரம் இறங்கி, கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மாமா மண்டியிட்டு அந்தப் பாளத்தின் மேல் கன்னத்தை வைத்திருந்தார். யாரிடம் சொல்வேன்? சொல்லி என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை வார்ப்பு அதற்குள் சட்டியாகி, ஆறி, வைக்கோல் சுற்றிப் போய்விட்டது.

வேறு எவனும் கிடைக்கவில்லை எனக்கு. அவரைத்தான் தேடுகிறேன். சந்தைக்குச் சந்தை போய்த் தட்டிப் பார்த்தேன். எல்லாச் சட்டியும் சட்டி மாதிரியே சத்தம் போடுகிறது. பட்டப்பகலில் அடுத்த வீட்டு அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவிடுகிறேன். யாரோ ஒருத்தி அவரை அடுப்பில் ஏற்றி, கரண்டியால் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். அவளுக்குத் தெரியாது. சித்தி சட்டியும் இந்த வசந்தத்தில் வாங்கியதுதான். அதைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அடுப்பு எரியாதபோதும். பைத்தியம் என்று நினைத்துக்கொள்.

அந்தக் கல் முன்னால் நின்று நான் எப்படி அழுவேன்? என் கண் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லைப் பதித்துவிடு. மாமா நிம்மதியாக இருக்கட்டும்.

கெசியா

*

பென்னி டிங்கிள் உலை,
ஜனவரி 21, 1781

என் தங்கை கெசியாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சுகம்தான். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. கோபத்தோடு உலை உச்சிக்கு ஏறினேன். எஞ்சின் வந்த பிறகு நான் அங்கே ஏறியதே இல்லை. கூடை கொட்டுகிறவனிடம் கேட்டேன். அவன், "என்ன மேஸ்திரி இது, ரெண்டு நாளா? அதெல்லாம் தண்ணியோட போச்சு. இன்னைக்கு போட்டா நாளைக்கு உங்க கால்ல வந்து விழும்" என்று சிரித்தான். அதையும் நம்பவில்லை. வடக்குச் சுரங்கத்துக் கல்லை ஒரு திங்கட்கிழமை காலையில் என் கையாலேயே கொட்டினேன். அந்தக் கல் போட்டால் இரும்போடு உருகி வருகிற கழிவு பச்சையாக வரும். செவ்வாய்க்கிழமை காலை உலையைத் திறந்தபோது பச்சையாக வந்தது. எனக்கு அங்கேயே உட்காரத் தோன்றியது. சுற்றி இருந்தவர்கள் சூடு தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வருஷம் முழுக்க எவ்வளவு இரும்பு என்று பெருமையடித்தேன். அது ஏன் கூடியது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

கல் பதித்தாயிற்று. ஏமஸ் பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனிமே அவனுக்குக் குளிராது" என்றார். சரி என்று சொன்னேன். யாரோ சுரங்கத்திலிருந்து எடுத்த கல், யாரோ கொட்டிய கரி, அதில் ஒரு ஆளும் இல்லை என்று நினைத்துக்கொண்டே அதற்குமுன் தலை குனிந்து நின்றேன். சிவப்புத் தண்ணீர் கல்லின் ஓரத்தில் இன்னும் கசிகிறது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இது ஆறுதலா, வேறு ஏதாவதா தெரியாது. மறைத்து இன்னொரு முறை தப்பு செய்ய மனமில்லை. ஒரு வார்ப்பில் உலை முழுவதும் வடிவதில்லை. அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கும். அடுத்த வார்ப்பு அதோடு கலந்துதான் வெளியே வரும், அதிலும் கொஞ்சம் தங்கும். உலையை அணைக்கும்வரை அப்படித்தான். எஞ்சின் இருக்கிறது, இந்த உலையை இப்போதைக்கு யாரும் அணைக்கப் போவதில்லை.

அப்படியானால் செவ்வாய்க்கிழமையோடு அவர் போய்விடவில்லை. அன்றிலிருந்து இங்கே வார்த்த எதிலும் அவர் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. புதன்கிழமைப் பாளத்திலும் ஒரு துளி இருக்கும். அதை நினைத்துக்கொண்டுதான் கல்லுக்குமுன் நிற்கிறேன். தண்டவாளம், எடைக்கல், சட்டி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு முறை உலையைத் திறக்கும்போதும் தொப்பியைக் கழற்றிவிடுகிறேன். ஆட்கள் கேலி செய்கிறார்கள். "மேஸ்திரி இரும்புக்கு சலாம் போடுறார்" என்கிறார்கள். சொல்லட்டும்.

உன்னை இனி வா என்று கூப்பிட மாட்டேன்.

சைலஸ்

*

கிளன்,
மார்ச் 4, 1781

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாமாவுக்குக் கபம் இளகியிருந்தால் தேன் கொடுக்கச் சொல், சித்தி ஒரு ஜாடி அனுப்புகிறாள்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதல் நாள் அடுப்பில் போடப் பார்த்தேன். மறுநாள் எடுத்து மடித்து வைத்தேன். எந்தச் சட்டி என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். தேடினால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தட்ட வேண்டும்.

ஈஸ்டருக்கு வருகிறேன். மெர்சியையும் கூட்டி வருகிறேன். அந்தக் கல் முன்னால் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு துளி இருக்கும் என்று நீ சொன்னாய் அல்லவா? அழுகைக்கு ஒரு துளி போதும். அவர் எதிரில் நான் பொய்யாக அழ மாட்டேன், கவலைப்படாதே. உனக்கும் சேர்த்து அழுவேன். உன்னை மன்னிக்க என்னிடம் எதுவும் இல்லை, இருந்தால் அதுவும் மன்னித்தாயிற்று.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். டிங்கிள் சட்டி, இந்தக் குளிர்காலத்தில் வார்த்தது என்று கடைக்காரர் சொன்னார். தட்டவில்லை. விலை பேசவில்லை. வைக்கோலோடு தூக்கிக்கொண்டு வந்தேன். மலைப்பாதை முழுக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன், கை மரத்துப்போயிற்று. சித்தி அடுப்பை மூட்டிக் கொடுத்தாள். ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். கொதிக்கும்போது வெளியே ஓடிவிடாமல் பக்கத்திலேயே நின்றேன்.

மெர்சி இரண்டு கிண்ணம் குடித்தாள். "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டு, சட்டியின் அடியைக் கரண்டியால் வழித்துத் தின்றாள். நான் என் கிண்ணத்தை வாய் வரைக்கும் கொண்டுபோனேன், அண்ணா. என்னால் முடியவில்லை.

உன் தங்கை,
கெசியா டிரான்டர்